மூன்றாம் நம்பர் பஸ்ஸும் என் முதல் கட்டுரையும்

உங்களில் பல பேர் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து படுத்திருப்பீர்கள். நம் காலத்துப் பிள்ளைகளில் அது வராத ஆள் குறைவு. காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி உருண்டை, மத்தியானம் மோர்ச் சாதம், ராத்திரி எண்ணெய் படாத இட்லி. வெயிலில் போகாதே, ஓடாதே, யார் தட்டிலும் கை வைக்காதே. எனக்கு அது ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த கையோடு வந்தது. கண்ணாடியில் என் கண்ணையே பார்க்கப் பிடிக்காது. அவ்வளவு மஞ்சள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை அது. ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரே சுவரை முதுகாக வைத்துக் கட்டிய ஆறு வீடுகளில் மூன்றாவது எங்களுடையது. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அங்கே எங்களில் அப்பாவை அத்தா என்போம். அத்தா ஒரு கம்பெனியில் பஸ் செக்‌ஷன் கிளார்க். தொழிலாளர்களை ஏற்றி வரும் மூன்று கம்பெனி பஸ்கள் எத்தனை மணிக்கு எங்கே கிளம்ப வேண்டும், எங்கெங்கே நிற்க வேண்டும் என்று சார்ட் போடுவது அவர் வேலை. ஒன்றாம் நம்பர் பர்கூரில் கிளம்பி கிருஷ்ணகிரி, சூளகிரி வழியாக வரும். இரண்டாம் நம்பர் கர்நாடகா பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து. மூன்றாம் நம்பர் ராயக்கோட்டையில் கிளம்பி உத்தனப்பள்ளி வழியாக வரும். எட்டரைச் சங்கு ஊதுவதற்குள் மூன்றும் கேட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு மேசை இருந்தது. வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த மரப்பெட்டியை உடைத்து அத்தா செய்ய வைத்தது. பலகைக்கு ஒரு வாசனை உண்டு. பிசினும் கிரீஸும் கலந்த வாசனை. ஓரத்தில் கறுப்பு மையில் ஒரு குடையும் ஒரு கண்ணாடி டம்ளரும் அச்சடித்திருக்கும். நனைக்காதே, உடைத்துவிடாதே என்று அர்த்தமாம். காமாலையோடு நான் அந்த மேசைமேல்தான் கிடந்தேன் என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தொற்றிக்கொள்ளும் என்று வரமாட்டார்கள். ஒருத்தி தனியாக எவ்வளவு நேரம் சும்மா இருப்பது?

அத்தா கழித்துப்போட்ட பழைய சார்ட் ஒன்றைப் பார்த்து மேசையில் சாக்பீஸால் ரோடு போட்டேன். மூன்று தீப்பெட்டிகள் மூன்று பஸ். புளியங்கொட்டைகள் தொழிலாளர்கள். ஊரில் தங்கிப் படிக்கும் அண்ணன் விட்டுப்போன பாம்பு ஏணி அட்டையோடு இருந்த ஆறு பக்கத் தாயக்கட்டை. ஒரு மூலை உருகிப்போனது. உருட்டினால் விழுவதுதான் சட்டம். ஒன்று விழுந்தால் பஸ் நேரத்துக்குப் போகும். இரண்டு பஞ்சர். மூன்று ஆட்டு மந்தை. நான்கு ரயில்வே கேட் மூடியிருக்கிறது. ஐந்து மழை. ஆறு விழுந்தால் 'டிரைவர் இஷ்டம்'. டிரைவர் நினைத்த இடத்தில் பத்து நிமிஷம் நிற்பார். எந்த இடம் என்பதற்கு இன்னொரு முறை உருட்ட வேண்டும்.

நான் எந்த பஸ்ஸின் கட்சியும் இல்லை. உருட்டுவேன், தள்ளுவேன், நோட்டில் எழுதுவேன். சங்குக்குப் பிறகு வந்த புளியங்கொட்டைகளை ஒரு சோப்பு டப்பாவில் போடுவேன். இதில் என்ன சுகம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வாய்க்குள்ளேயே இன்ஜின் சத்தம் போட்டுக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருப்பேன். அம்மா அரிசி களைந்துகொண்டே சொல்வார், "இந்தப் புள்ளைக்குக் காமாலை கண்ணுல இல்ல, மண்டைல."

அத்தாவுக்குத் தாயக்கட்டையில் மட்டும் கொஞ்சம் சங்கடம். இஸ்லாம் மார்க்கத்தில் அது கூடாது என்பார்கள். இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பந்தயம் ஒண்ணும் வைக்கலையே, சும்மா எண்ணிக்கைக்குத்தானே?" என்று என்னையே கேட்டார். நான் ஆமாம் என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

கம்பெனியில் ஒரு வெல்ஃபேர் ஆபீசர் இருந்தார். மெட்ராஸ்காரர். தொழிலாளர் வீடுகளுக்கு வந்து நலம் விசாரிப்பது அவர் வேலையில் ஒன்று. ஒருநாள் சாத்துக்குடிப் பையோடு வந்தவர் என்னை விசாரிக்க மறந்து மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது நம்ம பஸ்ஸா?"

"ஆமா சார்."

"ஒன் கூட யார் ஆடுறா?"

"யாருமில்ல சார். நான் மட்டுந்தான்."

அவர் அத்தாவைப் பார்த்தார். "இத எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நம்ம மேகசின்ல குடும்பப் பக்கம் காலியாவே கெடக்கு. ஒவ்வொரு தடவையும் சமையல் குறிப்பு போட்டு எனக்கே அலுத்துப்போச்சு."

கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பத்திரிகை போட்டது. முதலாளி படம், புது மெஷின் படம், பணி ஓய்வு பெற்றவர் படம். அதில் என் பெயர் வரப்போகிறது. எனக்கு அன்று காய்ச்சல் கூடிவிட்டது என்று அம்மா சொன்னார். இருக்கலாம்.

முதலில் நான் எழுதியது வெறும் சட்ட திட்டம். ஒன்று விழுந்தால் இது, இரண்டு விழுந்தால் அது. ஆபீசர் திருப்பி அனுப்பிவிட்டார். "கதை மாதிரி, ஒருநாள் நடக்கிறதச் சொல்லச் சொல்லுங்க," என்று அத்தாவிடம் சொல்லியனுப்பினார். எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆட்டத்தில் கதை ஏது? அத்தாவின் ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில் நான்கு நாள் எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் நோட்டில் ஒரு திங்கட்கிழமை ஆட்டத்தை எடுத்து அப்படியே எழுதினேன். முதல் பத்தியில் தாயக்கட்டை பற்றி விவரமாக. அப்புறம்: 'மூன்றாம் நம்பர் பஸ் ராயக்கோட்டையில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. ஆனால் உத்தனப்பள்ளி கிராஸில் டிரைவர் தன் இஷ்டத்துக்குப் பத்து நிமிஷம் நின்றுவிட்டார். அதனால் பதினோரு பேர் சங்கு ஊதிய பிறகு வந்தார்கள்.'

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் பத்திரிகை வந்தது. அத்தா அதைச் சட்டைக்குள் வைத்து மடங்காமல் கொண்டுவந்தார். புது மையின் வாசனை. என் பெயர், பக்கத்தில் 'போக்குவரத்துப் பிரிவு எழுத்தரின் மகள்'. தலைப்பு நான் வைத்தது இல்லை. 'எங்கள் பஸ்கள், என் பார்வையில்' என்று இருந்தது. முதல் பத்தியைக் காணவில்லை. தாயக்கட்டை எங்குமே இல்லை. தீப்பெட்டி இல்லை, புளியங்கொட்டை இல்லை. எடுத்த எடுப்பில் மூன்றாம் நம்பர் பஸ் ராயக்கோட்டையில் கிளம்பியது.

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுதியது நான்தான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அது ஆட்டம் இல்லை.

"என்னத்தா, கட்டைய எடுத்துட்டாங்க?"

"எடம் பத்தலையாம்மா," என்றார் அத்தா. அவர் முகம் சரியாக இல்லை. அவரும் வழியிலேயே படித்திருக்கிறார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் அத்தாவைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக் குழந்தைக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா, ஏன் ரிப்போர்ட் பண்ணவில்லை என்று கேட்டிருக்கிறார். அத்தா, அது ஆட்டம் சார் என்றிருக்கிறார். செக்யூரிட்டியை அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். பஸ் நின்றிருக்கிறது! நிஜமாகவே உத்தனப்பள்ளி கிராஸில், ரோடு பிரியும் இடத்துப் புளியமரத்தடியில், பத்து நிமிஷம். ஒரு பெண் வயல் வரப்பில் ஓடி வந்து ஏறியிருக்கிறாள். அசெம்பிளி செக்‌ஷனில் வேலை செய்யும் பெண்.

மூன்றாம் நம்பர் டிரைவர் எங்கள் வரிசையிலேயே கடைசி வீடு. டிரைவர் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். காமாலைக்கு மருந்து கொடுக்கும் ஆளை ராயக்கோட்டையிலிருந்து பஸ்ஸிலேயே கூட்டிவந்தவர் அவர்தான். அவருக்கு மெமோ கொடுத்து பர்கூர் பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் சம்சாரம் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவதை நிறுத்திக்கொண்டது. டிரைவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்னவோ என்று கேன்டீனில் ஒருவன் சொல்லி, அது இரண்டு நாளில் உத்தனப்பள்ளி வரைக்கும் போய்விட்டது.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா கேட்டார், "நீங்கதானே ஒருநாள் சொன்னீங்க, மூணாம் நம்பர் உத்தனப்பள்ளில நின்னு நின்னு வருதுன்னு? அதக் கேட்டுத்தான் புள்ள எழுதிருக்கு."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"ரசம் ஊத்தும்போது சொன்னீங்க."

"அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியவே தெரியாது. இவ எழுதித்தான் எனக்கே தெரியும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கட்டைல ஆறு விழுந்துச்சு என்று சொன்னேன். நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அந்தத் திங்கட்கிழமைக்கு நேராக ஆறு என்றும் பக்கத்தில் உத்தனப்பள்ளி என்றும் என் கையெழுத்து. ஆனால் அம்மா சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ரசம் ஊற்றும்போது கேட்டேனா? கேட்டதனால்தான் அந்த ஆட்டத்தைப் பொறுக்கி எடுத்தேனா? நோட்டில் எத்தனையோ திங்கட்கிழமை இருந்ததே. அத்தா தெரிந்தும் சும்மா இருந்தார் என்றால் அவர் வேலைக்கு ஆபத்து. அதனால் மறுக்கிறாரா? அந்த வயதில் இவ்வளவு யோசித்தேனா, பிற்பாடு யோசித்ததை அங்கே கொண்டுபோய் வைக்கிறேனா, அதுவும் நிச்சயமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் ஓடி வந்து ஏறிய அந்த அக்கா எங்கள் வீட்டுக்கே வந்தது. கூட அதன் அம்மா. பச்சைப் பாவாடை, வெள்ளைத் தாவணி, கணுக்கால் வரை செம்மண். கையில் பத்திரிகை. நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், ஒளிய இடமில்லை.

"நீயா எழுதினது?" என்றது அக்கா. "இவ்ளோ சின்னப் புள்ளையா? என்னை எங்க பாத்த நீ?"

"பாக்கலைக்கா."

"பாக்காம எப்படி எழுதின? காலைல பால் கறந்து சொசைட்டில ஊத்திட்டு ரெண்டு மைல் ஓடிவரேன். டிரைவரண்ணன் நிக்கிறாரு. நான் ஏறுறேன். அவ்ளோதான். இப்ப எங்கண்ணன் வேலைக்குப் போவாதன்னு ஊட்ல உக்கார வச்சிட்டான். பத்திரிகைல பேர் வந்துடுச்சாம்."

"உங்க பேரே இல்லையேக்கா அதுல."

"ஊருக்கு அது தெரியுமா?"

அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றது. அதன் அம்மா அத்தாவிடம், இது பொய் என்று கம்பெனித் தாளில் எழுதிக் கொடுங்கள், மகனிடம் காட்டிக்கொள்கிறேன் என்று கேட்டார். அத்தா தலையைக் குனிந்துகொண்டார். பஸ் நின்றது நிஜம். பொய் என்று எப்படி எழுதுவது? நிஜம் என்று எழுதினாலும் தப்பாகிறது.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் தாயக்கட்டையை எடுத்து மேசையில் உருட்டினேன். "இப்படித்தான்க்கா," என்றேன். தீப்பெட்டியை நகர்த்தினேன். ரோடு, கேட், ஆட்டு மந்தை எல்லாம் காட்டினேன். அக்கா மோரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து அதுவே கட்டையை வாங்கி உருட்டியது. நான்கு விழுந்தது. "கேட்டு மூடிட்டான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அப்புறம் புளியங்கொட்டைகளை விரலால் கலைத்துக்கொண்டே கேட்டது.

"இதுல நான் எது?"

எல்லாக் கொட்டையும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அதுவரைக்கும் எந்தக் கொட்டைக்கும் பெயர் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அக்காவின் அம்மா தெலுங்கில் என்னவோ கேட்டார். என் அம்மாவுக்கு அதற்குள் அக்கம்பக்கத்தில் கற்றுக்கொண்ட தெலுங்கு கொஞ்சம் உண்டு. "இதுல யாரு ஜெயிப்பாங்கன்னு கேக்குறாங்கடி," என்றார்.

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க. எல்லாரும் சங்குக்கு முன்னாடி வந்துட்டா ஆட்டம் முடிஞ்சிரும்."

"முடிஞ்சிருக்கா?" என்றது அக்கா.

"இல்ல. ஒருதடவகூட இல்ல."

அந்தப் பெரியம்மா என் கண்ணில் மிச்சமிருந்த மஞ்சளைப் பாவமாகப் பார்த்துவிட்டு அத்தாவிடம் திரும்பி, தெளிவான தமிழில், "காய்ச்சல் புள்ளய எதுக்குய்யா எழுத உட்டீங்க?" என்றார்.

அவர்கள் போன பிறகு அத்தா ஆபீசர் வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு. அடுத்த இதழில் ஒரு விளக்கம் போடச் சொல்லிக் கேட்கத்தான். ஆபீசர் உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். நல்ல மனுஷர்தான், இப்போது நினைத்தாலும் அப்படித்தான் படுகிறது.

"பாய், நான் உங்களுக்காகத்தான் அந்தப் பத்திய எடுத்தேன். உங்க வீட்டுப் பொண்ணு தாயம் உருட்டுறான்னு அச்சுல வந்தா உங்க ஆளுங்க உங்கள என்ன நெனைப்பாங்க? கம்பெனிக்கும் சூதாட்டம் மாதிரி இருக்கும். நல்லதுன்னு நெனச்சுப் பண்ணேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே சார்," என்றார் அத்தா. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

குடும்பப் பக்கத்துக்கெல்லாம் திருத்தம் போடும் வழக்கமில்லை என்று ஆபீசர் சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியில் அத்தா என் கையை விடவே இல்லை. என்மேல் கோபமா, ஆபீசர்மேல் கோபமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நல்லது நினைத்தவர்மேல் கோபப்படலாமா என்பதும் எனக்குப் புரியவில்லை.

அந்த வாரம் அத்தா ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லாமல் மூன்றாம் நம்பர் பஸ்ஸுக்குப் புது சார்ட் போட்டார். ராயக்கோட்டையில் பத்து நிமிஷம் முன்னால் கிளம்ப வேண்டும். உத்தனப்பள்ளி கிராஸ், பத்து நிமிஷம் நிறுத்தம். காரணம் என்ற கட்டத்தில், 'பயணிகள் வசதி'. மேனேஜர் மற்ற தாள்களோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சீல் வைத்த அந்தச் சார்ட்டை எடுத்துக்கொண்டு அத்தா லீவு போட்டு அந்தக் கிராமத்துக்கே போய் அக்காவின் அண்ணனிடம் காட்டினார். இது கம்பெனி நிறுத்தம், யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை என்று. அந்த அண்ணன் சீலைத் தடவிப் பார்த்தானாம். திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்துவிட்டது. ராயக்கோட்டையில் ஏறுகிறவர்கள் மட்டும் எதற்கு இந்தப் பத்து நிமிஷம் சீக்கிரம் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள்.

டிரைவர் மாமாவைத்தான் திரும்ப மாற்ற முடியவில்லை. பர்கூர் பஸ்ஸுக்கு ஆள் தேவையாக இருந்தது. அத்தாவைக் கண்டால் அவர் தலையை அசைப்பார், பேசமாட்டார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பெட்ரோல் பங்க் ஓரமாக ஒன்றாம் நம்பர் பஸ் நின்றிருந்தது. மாமா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆவி குப்பென்று வந்தது. நான் பார்க்காததுபோல் போய்விடலாம் என்று நினைத்தேன்.

"ஏம்மா பாப்பா, காமாலை பூட்ச்சா?"

"போயிடுச்சு மாமா."

அப்படியே நின்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. "அந்த அக்காவுக்காக நின்னீங்கன்னு எனக்கு நெஜமா தெரியாது மாமா," என்றேன்.

அவர் ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார், "நான் எங்க அந்தப் பொண்ணுக்கு நின்னேன்? ராயக்கோட்டைலருந்து மேடு. உத்தனப்பள்ளி வந்தா ரேடியேட்டர் கொதிக்கும். இந்த மாதிரி தண்ணி ஊத்தி ஆற வெக்கணும், பத்து நிமிஷம். அது ஓடியாரும், ஏறிக்கும். இதான்."

"அத நீங்க சொல்லலையா மாமா?"

"எவன் கேட்டான்? மெமோ குடுத்தான், வாங்கிக்கினேன்."

அது நிஜமா, அந்த அக்காவின் பேருக்காக அவர் யோசித்து வைத்துக்கொண்ட பதிலா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திருகிவிட்டு, "அடுத்து எந்த பஸ்ஸ எழுதப் போற?" என்று கேட்டார்.

"ஒண்ணும் எழுதல மாமா," என்றேன்.

பொய். அன்று காலையில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு கவரைத் தபால் பெட்டியில் போட்டிருந்தேன். மெட்ராஸில் வரும் சிறுவர் பத்திரிகைக்கு. அதே ஆட்டம்தான், ஆனால் இந்த முறை தாயக்கட்டையோடு, தீப்பெட்டியோடு, முழுசாக. உத்தனப்பள்ளி என்ற பெயரே வராமல் கவனமாக எழுதியிருந்தேன். பஸ் நிற்கும் இடத்தைப் பர்கூருக்கு மாற்றியிருந்தேன். 'ஒன்றாம் நம்பர் பஸ் டிரைவர் பர்கூரில் தன் இஷ்டத்துக்குப் பத்து நிமிஷம் நின்றுவிட்டார்.'

அந்த வரியை எழுதும்போது அந்த பஸ்ஸை இப்போது யார் ஓட்டுகிறார் என்று என் மண்டைக்கு உறைக்கவே இல்லை.

ஓடினேன். பெட்டி பூட்டியிருந்தது. மத்தியானத் தபால் எடுக்கத் தபால்காரர் வரும் வரைக்கும் வெயிலில் நின்றேன். அவர் சாக்குக்குள் கொட்டும்போது என் கவர் மேலாகவே விழுந்தது. பழுப்புக் கவர், என் கையெழுத்து.

"அது என்னோடது. வேணாம், குடுத்துருங்க."

"பெட்டிக்குள்ள போட்டப்புறம் அது உன்னுது இல்ல பாப்பா. யாருக்கு எழுதியிருக்கோ அவுங்களுது," என்று சொல்லிச் சாக்கின் வாயைக் கட்டிவிட்டார். அழுதேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் பத்திரிகை வரும் நாளில் பஸ் ஸ்டாண்ட் கடைக்குப் போய், அங்கேயே நின்று பக்கம் பக்கமாகப் புரட்டுவேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். வந்திருக்கக்கூடாது, வந்திருக்கக்கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கடைசிப் பக்கம் வரைக்கும் போவேன். செப்டம்பரில் இல்லை. அக்டோபரில் இல்லை. நவம்பரிலும் இல்லாமல் போனபோது, இனி வராது என்று எனக்கே தெரிந்துவிட்டது. பத்திரிகையை மூடி, இருந்த இடத்தில் வைத்தேன். மூச்சு நிதானமாக வந்தது. வீட்டுக்குப் பாதி தூரம் வந்த பிறகுதான் வேறொன்று தோன்றியது. நான் எழுதியது அவ்வளவு மோசமாகவா இருந்தது?